இரண்டாவது ஊர் எது?

(கேமரன் மலை, திரிங்காப்பில் நடைபெற்ற எங்கள் தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்துவிட்டால், முதல் ஊரைத் தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகாது. லண்டன் என்பார் ஒருவர், பாரிஸ் என்பார் இன்னொருவர். ஒரு மாலைக்குள் இரண்டில் ஒன்று முடிவாகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே இன்னொரு ஊரையும் பாத்துட்டு வந்துடலாமே!" என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த 'இன்னொரு ஊர்' எது? மகனுக்கு சுவிட்சர்லாந்து. மகளுக்கு ரோம். மருமகனுக்குக் காற்பந்து பார்க்க பார்சிலோனா. பேரப் பிள்ளைகளுக்கு பாரிஸ் டிஸ்னிலேண்ட். அம்மாவை மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைசியில் எல்லாருடைய ஆசையையும் ஒரே பையில் போட்டு, பத்து நாளில் ஐந்து ஊர் என்று முடிவாகும்.

ஊருக்குத் திரும்பி வந்தபின் கைப்பேசியில் ஆயிரம் படம் இருக்கும். எது எந்த ஊர் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இதை வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கையானது அன்று. நம்மில் பலருக்கு இது வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாய்க்கும் பயணம். தோட்டத்தில் கொழுந்து பறித்தும், காய்கறி லாரி ஓட்டியும் சேர்த்த பணம். சேமநிதியிலிருந்து எடுத்த பணம். அந்தப் பணத்தின் பெரும்பகுதி வீணாவது பெரும்பாலும் இரண்டாவது ஊரில்தான். எனவே, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்று பேசுவோம்.

நாமே ஓர் இரண்டாவது ஊர்தான்

இந்தத் தலைப்பைத் திரிங்காப்பில் பேசுவது மிகவும் பொருத்தம். காரணம், உங்களுக்கு இந்த விஷயம் மறுபக்கத்திலிருந்து தெரியும். ஐரோப்பியர்கள் மலேசியாவுக்கு வரும்போது அவர்களுக்கு முதல் ஊர் கோலாலம்பூர். இரண்டாவது ஊர் எது? அவர்களில் மிகப் பலருக்கு அது நம்முடைய கேமரன் மலை!

ஏன் நம்மைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? சற்று யோசித்துப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தா சுமார் 200 கிலோ மீட்டர். விரைவுப் பேருந்தில் நான்கு மணி நேரம் போல ஆகும். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இது ஒன்று.

அங்கே வெயில், இங்கே குளிர். அங்கே கோபுரம், இங்கே தேயிலை. தலைநகரில் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது. இது இரண்டு.

இங்கிருந்து தாமான் நெகாராவுக்கும், பெர்ஹெந்தியான் தீவுக்குப் படகு ஏறும் கோலா பெசூட்டுக்கும் வேன் கிடைக்கிறது. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. இது மூன்று.

நான்காவது, எத்தனை இரவு தங்குகிறார்கள் என்பது. ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாப்பா சாலையின் வளைவுகளில் தலைசுற்றி இறங்குவார்கள். சுங்கை பாலாஸில் தேயிலைத் தோட்டத்தின் முன்னால் ஒரு படம். ஸ்ட்ராபெர்ரி ஒரு பெட்டி. பிரிஞ்சாங்கில் வாகன நெரிசல். பிறகு மீண்டும் அதே வளைவுகள். இரண்டு இரவு தங்குகிறவரோ, காலைப் பனி விலகுவதையும் கொழுந்துக் கூடை நிறைவதையும் பார்க்கிறார். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயில் மணி அவர் காதில் விழுகிறது. இருவருமே 'கேமரன் போனேன்' என்றுதான் ஊரில் போய்ச் சொல்வார்கள். ஆனால், பார்த்தவர் ஒருவர்தான்.

1885இல் வில்லியம் கேமரன் இந்த மலையை அளந்துவிட்டுப் போன பிறகு, இங்கே யாரும் எளிதில் வந்துவிட முடியவில்லை. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை வந்தது. அதன்பிறகுதான் மலை வெளியாருக்குத் திறந்தது. ஓர் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், போய்ச் சேரும் வழிதான் அதை விருந்தாளிக்கு உகந்த ஊராக ஆக்குகிறது.

நம் ஊரைப் பார்த்தே நான்கு கேள்விகள் கிடைத்துவிட்டன. இனி அவற்றை ஐரோப்பாவுக்கு எடுத்துச் செல்வோம்.

முதல் கேள்வி: வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி?

விளம்பரத்தில் 'லண்டன் - பாரிஸ் விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்' என்று இருக்கும். அது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும். விடுதியிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி. இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். இறங்கியபின் குடிநுழைவு, பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு மணி. அங்கிருந்து நகருக்குள் போக இன்னொரு மணி. கூட்டினால் ஆறு மணிக்கு மேல் வந்துவிடும்.

ரயிலைப் பாருங்கள். 1994இல் திறந்த கடலடிச் சுரங்கம் வழியாக, லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து பாரிஸ் கார் து நோர் நிலையத்துக்கு யூரோஸ்டார் ரயில் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் போகிறது. கடப்பிதழ்ச் சோதனைக்காக ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகப் போக வேண்டும். அதையும் விடுதிக்குப் போகும் நேரத்தையும் சேர்த்தாலும் நாலரை மணிதான். கோலாலம்பூரிலிருந்து நம் மலைக்கு வருவது போல. ரயில் நகரின் நடுவிலிருந்து கிளம்பி நகரின் நடுவில் இறக்கிவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள லாபம்.

மலிவு விமானங்களில் இன்னொரு விஷயம் உண்டு. 'பாரிஸ்' என்று பெயர் போட்டுவிட்டு போவே விமான நிலையத்தில் இறக்குவார்கள். அது பாரிஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோ மீட்டர். தாப்பாவில் இறக்கிவிட்டு 'கேமரன் வந்துவிட்டது' என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? பெட்டிக்குத் தனிக் கட்டணமும் உண்டு. டிக்கெட் விலையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

நான் சொல்லும் எளிய அளவு இது: முதல் ஊரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் இருப்பதுதான் இரண்டாவது ஊர். பாரிசிலிருந்து பிரஸல்ஸ் ஒன்றரை மணி நேரம், ஸ்ட்ராஸ்பூர்க் இரண்டு மணி நேரத்துக்குள், லியோன் இரண்டு மணி நேரம். ரோமிலிருந்து புளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், நேப்பிள்ஸ் ஒரு மணிக்குச் சற்று மேல். லண்டனிலிருந்து பாத் ஒன்றரை மணி நேரம், யார்க் இரண்டு மணி நேரம். வியன்னாவிலிருந்து சால்ஸ்பர்க்கும் புடாபெஸ்டும் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி. இவை எல்லாமே அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: முதல் ஊரில் இல்லாதது என்ன?

மன்றத்தில் இந்த இடம் வந்தபோது, தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா கையை உயர்த்தினார்.

"தம்பி, பிள்ளைங்க என்னைச் சுவிஸ் கூட்டிட்டுப் போறேங்குதுங்க. நான் பொறந்ததே மலையில. அறுபது வருஷமா மலையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அவ்வளவு காசு போட்டு மறுபடியும் மலைக்கா?"

அரங்கமே சிரித்தது. ஆனால், நான் நாலு பக்கம் எழுதி வைத்திருந்ததை அந்த அம்மா ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். இரண்டாவது ஊர் முதல் ஊரிலிருந்து வேறுபட வேண்டும். போகிறவரின் சொந்த ஊரிலிருந்தும் வேறுபட வேண்டும்.

பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் போகிறவர்களுக்குச் சுவிட்சர்லாந்தின் பச்சைச் சரிவு புதுமை. நமக்கு அது பழக்கப்பட்ட காட்சி. பனி வேறு விஷயம். பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் அதற்காகப் போகலாம். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பலரும் போகும் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 1912இல் திறந்தது. 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பிரிஞ்சாங் சிகரமே ஏறக்குறைய 2,000 மீட்டர்தான். அங்கே காற்று மெல்லியது. இதய நோய், மூச்சுத் திணறல் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

பெரிய நகரம் முதல் ஊராக இருந்தால் இரண்டாவது சிறிய ஊராக இருப்பது நல்லது. லண்டனில் ஐந்து நாள் பாதாள ரயிலில் அலைந்தவர்களுக்கு, பாரிசிலும் அதே பாதாள ரயில், அதே கூட்டம், அதே வரிசை. கண்ணுக்குப் புதிதாக இருந்தாலும் காலுக்குப் புதிதில்லை. லண்டனிலிருந்து பிரஸல்ஸ் போய், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் புரூஜ் போனால், கால்வாய்களும் பழைய செங்கல் வீடுகளுமாக, நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர். பாரிசுக்குப் பிறகு ஸ்ட்ராஸ்பூர்க்கும் அப்படித்தான். ரோமுக்குப் பிறகு நேப்பிள்ஸ் போகிறவர்கள், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தை ஒரு பகலில் பார்த்து வரலாம். ரோமில் பேரரசர்களின் கட்டடங்கள்; பொம்பெயில் சாதாரண மக்களின் அடுப்பும் ரொட்டிக் கடையும். ஒன்று மற்றொன்றை நிறைவு செய்கிறது.

இதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். 'இரண்டாவது ஊரில் நாம் என்ன செய்யப் போகிறோம்?' என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரண்மனை, தேவாலயம், அருங்காட்சியகம், கடைத்தெரு என்று முதல் ஊருக்கு எழுதிய அதே பட்டியல் வந்தால், ஊரை மாற்றுங்கள். அல்லது முதல் ஊரிலேயே இன்னும் மூன்று நாள் தங்கிவிடுங்கள். ரயில் கட்டணம் மிச்சம்.

மூன்றாவது கேள்வி: திரும்பும் வழி எது?

நம்மவர் பலர் லண்டனில் இறங்கி, பாரிஸ் போய், மறுபடியும் லண்டனுக்கு வந்து விமானம் ஏறுகிறார்கள். காரணம், டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு ஊரைப் பிறகு யோசிக்கிறார்கள். திரும்பி வருவதற்கு ஒரு பகலும், ஆளுக்கொரு ரயில் கட்டணமும், சில வேளைகளில் ஓர் இரவு விடுதி வாடகையும் போகின்றன.

ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரில் ஏறும்படி ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். விமான நிறுவனங்களின் இணையத்தளங்களில் 'மல்டி சிட்டி' என்று இதற்கு ஒரு பகுதி இருக்கும். மலேசிய ஏர்லைன்ஸ் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேரடியாகப் பறக்கிறது. பாரிசுக்கான நேரடிச் சேவையை 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கியது. ஆகவே லண்டனில் இறங்கி, பாரிசில் ஏறலாம். சாதாரண இருவழி டிக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடும்போது திரும்பி வரும் ரயில் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் முதலில், எந்த ஊர் பிறகு என்பதிலும் பணம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் கடைகளில் கட்டிய வரியைத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாட்டை 2021 தொடக்கத்தில் பிரிட்டன் நிறுத்திவிட்டது. பிரான்ஸ் முதலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது இன்னும் உண்டு. ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் பிரான்சில் கேட்கலாம். எனவே கைப்பை, வாசனைத் திரவியம் வாங்கும் எண்ணம் இருந்தால், அதைக் கடைசி ஊரான பாரிசில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் வரித்தாளைப் பதிவு செய்துவிட்டு ஏறுங்கள். வாங்கிய பெட்டியை ஊர் ஊராகச் சுமக்கும் வேலையும் மிச்சம்.

நான்காவது கேள்வி: எத்தனை இரவு?

'11 நாளில் 7 நாடு' என்று வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். போய்வரும் விமானத்துக்கு இரண்டு நாள் போக மீதி ஒன்பது. ஏழு நாட்டுக்கு ஒன்பது நாள் என்றால், பெரும்பாலான பகல்கள் பேருந்துக்குள் கழியும். இளைஞர்கள் தாங்குவார்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஊர் மாற்றமும் ஒரு பெட்டி கட்டல், ஒரு பெட்டி அவிழ்த்தல், ஒரு புதுப் படிக்கட்டு.

படிக்கட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாரிஸ் பாதாள ரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. அம்மா, அப்பாவோடு போகிறவர்கள் இரண்டாவது ஊரில் விடுதியை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் டாக்சிக் கூலியிலும் மருந்துச் செலவிலும் அது திரும்பக் கிடைத்துவிடும்.

என் கணக்கு இது. ஒன்பது இரவு இருந்தால் முதல் ஊருக்கு ஆறு, இரண்டாவதற்கு மூன்று. மூன்று இரவு கொடுக்க முடியாத ஊருக்கு அந்தப் பயணத்தில் இடமில்லை. ஒரு பகலில் போய்வரும் இடங்கள் வேறு. லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ், பாரிசிலிருந்து வெர்சாய் ஆகியவற்றுக்குப் பெட்டியில்லாமல் போய்விட்டு இரவு அதே கட்டிலுக்குத் திரும்பிவிடலாம். இவற்றை 'ஊர்' கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வெனிஸ் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். பகலில் வந்து பகலிலேயே திரும்பிவிடும் கூட்டம் தாங்காமல், 2024 ஏப்ரலில் அந்த நகரம் ஒரு நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட நாள்களில் வரும் பகல் பயணிகளுக்கு அப்போது 5 யூரோ. இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. நீண்ட வார விடுமுறையில் திரிங்காப்பிலிருந்து பிரிஞ்சாங்குக்குப் போக வாகனத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்களுக்கு வெனிஸ்காரர்களின் மனம் புரியும். நாம் விருந்தாளியாகப் போகும்போது அந்தப் புரிதலையும் எடுத்துக்கொண்டு போவோம். வார நாள்களில் போவோம், தங்கிப் பார்ப்போம்.

கடப்பிதழும் சிவப்பு அட்டையும்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஐரோப்பா என்று ஒரே பெயரில் சொன்னாலும் வாசல் இரண்டு. பிரிட்டன் ஒன்று. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து உட்பட 29 நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதி மற்றொன்று.

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் இரண்டு பகுதிகளுக்கும் விசா இல்லாமல் சுற்றுலா போகலாம். ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டனுக்குப் போகும் மலேசியர்கள் இ.டி.ஏ. என்னும் மின்னியல் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். கைக்குழந்தைக்கும் அது தேவை. ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் விரல் ரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறை தொடங்கியது. லண்டனில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சு அதிகாரிகள் சோதிப்பதால், அங்கே கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் நாடுகளுக்கும் ஒரு முன் அனுமதி முறை வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கும் நாளில் அதிகாரபூர்வ இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், நம் வீடுகளில் மட்டும் எழும் கேள்வி. குடும்பத்தில் எல்லாரும் நீல அடையாள அட்டை வைத்திருக்க, பாட்டி ஒருவர் மட்டும் இன்னும் சிவப்பு அட்டையோடு இருப்பார். நிரந்தரவாசியான அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. எனவே, மேலே சொன்ன விசா விலக்கு அவருக்கு இல்லை. இந்தியக் கடப்பிதழ் உள்ள மருமகளுக்கும் இல்லை. அவர்களுக்கு பிரிட்டன் விசா வேறு, ஷெங்கன் விசா வேறு. இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு காத்திருப்பு.

அப்படிப்பட்ட குடும்பம் லண்டன் - பாரிஸ் என்று திட்டம் போட்டுப் பணம் கட்டிவிட்டு, பாட்டிக்கு ஒரு விசா மட்டும் கிடைத்தால் என்ன செய்யும்? பாட்டியை விட்டுவிட்டுப் போகவா? இதற்கு வழி இரண்டாவது ஊரிலேயே இருக்கிறது. இரண்டு ஊரையும் ஒரே வாசலுக்குள் எடுங்கள். லண்டன் என்றால் யார்க் அல்லது பாத். பாரிஸ் என்றால் ஸ்ட்ராஸ்பூர்க் அல்லது பிரஸல்ஸ். ஒரே விசா போதும். ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் கேட்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். விசா கையில் வந்த பிறகு திருப்பித் தராத டிக்கெட்டுகளை வாங்குங்கள்.

நம்மவர் இருக்கும் ஊர்

'அங்கே போய்ச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?' என்ற கவலை பெரியவர்களுக்கு உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல். லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி போன்ற பகுதிகளில் நம் கடைகள் நிறைய. பாரிசில் ரயில் இறங்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் லா ஷப்பேல் இருக்கிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து புகலிடம் தேடிப் போன தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. தோசை, இடியாப்பம், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், விநாயகர் சதுர்த்தியை ஒட்டிப் பாரிஸ் தெருக்களில் வலம் வருகிறது.

ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் காமாட்சி அம்மன் கோயில் உண்டு. தென்னிந்திய முறையில் கோபுரம் எழுப்பி, 2002இல் குடமுழுக்கு நடந்தது. மே, ஜூன் மாதங்களை ஒட்டி வரும் அதன் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள்.

இதை வைத்து ஒரு திட்டம் போடலாம். பாரிசில் ஐந்து இரவு. அங்கிருந்து ரயிலில் கொலோன், மூன்று இரவு. பயண நேரம் மூன்றேகால் மணி போல. நம் அளவைவிடச் சற்றே கூடுதல், ஆனாலும் ஒரே ரயில். கொலோனில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரிலேயே தேவாலயம் நிற்கிறது. 157 மீட்டர் உயரம். 1248இல் தொடங்கிய அந்தக் கட்டடம் 1880இல்தான் முடிந்தது. பக்கத்தில் ரைன் நதி, படகுப் பயணம். இடையில் ஒரு பகல் ஹம் சென்று அம்மனைத் தரிசித்துவிட்டு மாலையில் திரும்பலாம். திரும்பும் விமானத்தை பிராங்ஃபர்ட்டில் ஏறலாம். கொலோனிலிருந்து பிராங்ஃபர்ட் விமான நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் போலத்தான். இடையில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டியிருக்கலாம். இதில் பிள்ளைகளுக்கு பாரிஸ், பெரியவர்களுக்குக் கோயில், எல்லாருக்கும் நதி. விசாவும் ஒன்றுதான், பணமும் யூரோ ஒன்றுதான்.

எந்த மாதத்தில் போகிறீர்கள்?

பிள்ளைகளின் ஆண்டு இறுதி விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டிசம்பர் கடைசியில் லண்டனில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதே மூன்று நாள், ஆனால் பார்க்கும் நேரம் பாதி. டிசம்பரில் தோட்டமும் ஏரியும் பார்க்கும் ஊரை இரண்டாவதாக வைத்தால் ஏமாற்றம்தான். இருட்டியபின் அழகாகும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கின் கிறிஸ்துமஸ் சந்தை 1570இலிருந்து நடந்து வருவது. தெருவெல்லாம் விளக்காக இருக்கும். கிறிஸ்துமஸ் நாளை ஒட்டி அந்தச் சந்தைகள் மூடிவிடும் என்பதால் தேதியைப் பார்த்துப் போங்கள்.

குளிர் நமக்குப் புதிதா என்று கேட்பீர்கள். நம் மலையின் இரவுக் குளிர் 15 பாகை சுற்றி. அங்கே பகலிலேயே 5 பாகைக்குக் கீழே போகும். பாசார் மாலாமில் வாங்கிய குளிர்சட்டை போதாது.

முடிவு யாருடையது?

நான்கு கேள்விகளையும் இன்னொரு முறை சொல்கிறேன். ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாமா? முதல் ஊரிலும் நம் ஊரிலும் இல்லாதது அங்கே இருக்கிறதா? வந்த வழியே திரும்பாமல் அங்கிருந்தே விமானம் ஏறலாமா? மூன்று இரவு கொடுக்க முடியுமா? நான்கில் மூன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் தயங்காமல் பதிவு செய்யுங்கள். இரண்டுக்குத்தான் வந்தால் வேறு ஊர் தேடுங்கள்.

இரண்டு ஊர்கள் இந்தத் தேர்வில் சமமாக வந்தால் என்ன செய்வது? அப்போது வீட்டில் மூத்தவர் எந்த ஊரைச் சொல்கிறாரோ அதுவே இரண்டாவது ஊர். பிள்ளைகளுக்கு இன்னும் வயதிருக்கிறது. அவர்கள் சம்பாதித்து, வேண்டும்போது பார்சிலோனாவும் போவார்கள், சுவிட்சர்லாந்தும் போவார்கள். முதுகில் கூடை சுமந்து அவர்களைப் படிக்க வைத்த அம்மாவுக்கு இன்னொரு பயணம் வாய்க்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் "எங்கம்மா போகணும்?" என்று கேட்டால், "எனக்கென்னப்பா, நீங்க போற இடத்துக்கு வர்றேன்" என்றுதான் சொல்வார். அந்தப் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். படங்களைக் காட்டுங்கள். கோயில் வேண்டுமா, கடல் வேண்டுமா, பனி வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். ஏதோ ஒரு படத்தில் அவர் கை நிற்கும்.

டிக்கெட் வாங்குவதற்கு முன் அந்தப் படம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பயணம் இனிதாக அமையட்டும்.